புனலூர் தொங்குபாலம், பதிமூணு கண் பாலம்: கூட்டாளியோடு ஒரு நாள் நடந்துவர முழு வழிகாட்டி

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் தென்காசிக்காரர்கள் செய்வது ஒன்றுதான். குற்றாலத்தில் குளிக்க வைப்போம், பிரானூர் பார்டரில் புரோட்டா வாங்கிக் கொடுப்போம், பஸ் ஏற்றிவிடுவோம். நமக்கென்று ஒரு நாளை எடுத்து மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள் போய்வந்தோமா என்று கேட்டால் பதில் இருக்காது. சபரிமலைக்குப் போகும்போது வேனில் தூங்கிக்கொண்டே கடந்த ஊர்கள்தான் ஆரியங்காவும் தென்மலையும் புனலூரும்.

என் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன் கல்யாணம் முடித்துப் புனலூரோடு போய்விட்டான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவனைப் பார்க்கப் போவேன். ஏழெட்டுத் தடவை போய் வந்ததில் ஒரு நாளை எப்படி வைத்துக்கொண்டால் அலுப்பில்லாமல் இருக்கும் என்பது பிடிபட்டிருக்கிறது. இரண்டே இரண்டு பாலம், நடுவில் ஒரு சாப்பாடு. ஒன்று, புனலூரில் ஆற்றின் மேல் சங்கிலியில் தொங்கும் பாலம். இன்னொன்று, தென்மலை தாண்டிக் கழுதுருட்டியில் பதிமூன்று கல் வளைவுகளின் மேல் ரயில் போகும் பாலம், அதுதான் பதிமூணு கண் பாலம். பாலருவி, ஆரியங்காவு கோயில், படகு என்று சேர்த்துக்கொண்டே போனால் அது டூர் பேக்கேஜ் ஆகிவிடும். பேச வந்த ஆளிடம் பேசவே நேரம் இருக்காது.

எங்கே சந்திப்பது

முதல் தடவை நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் கிழக்கிலிருந்து வருகிறேன், அவன் மேற்கிலிருந்து வருகிறான், பாதி வழியில் கழுதுருட்டியில் சந்திப்போம் என்று பேசி வைத்தோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போனை எடுத்து, “எங்கல இருக்க?” என்றால், “நான் வந்து அரை மணி நேரம் ஆச்சு, நீ எங்க?” என்கிறான். அவன் ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறான், நான் பாலத்துக்குக் கீழே நிற்கிறேன். இரண்டும் ஒரே ஊர்ப் பெயர்தான், ஒரே இடம் இல்லை. நடுவில் சிக்னலும் போய்விட்டது. மலைக்குள் அது சகஜம்.

ஆகவே சந்திப்பைப் புனலூரில் வையுங்கள். அங்கே நண்பர் யாரும் இல்லையா? கொல்லத்திலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் நண்பரையும் புனலூருக்கே வரச் சொல்லுங்கள். தொங்குபாலம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். “தொங்குபாலம்” என்றாலே புரிந்துகொள்வார்கள், ஆனால் அங்கே வழக்கில் உள்ள பெயர் “தூக்குபாலம்”. நம் காதுக்குத் தூக்குப்பாலம் என்றால் பாம்பனில் கப்பலுக்காகத் திறந்தது நினைவுக்கு வரும். இது அப்படித் தூக்குகிற பாலம் இல்லை, தூக்கிக் கட்டிய பாலம்.

முதலில் புனலூர், பிறகு கழுதுருட்டி என்ற வரிசைக்கு வேறு காரணமும் உண்டு. காலையில் தூரத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு இடமாக வீட்டை நோக்கி வருகிறீர்கள். கடைசி பஸ்ஸைப் பற்றிய பயம் பாதியாகக் குறையும். பதிமூணு கண் பாலத்தின் மேல் ரயில் போவதைப் பார்க்கவும் மதியத்துக்கு மேல்தான் தோது.

எந்த மாதம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசியில் சாரல் என்றால் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் மழை. நமக்கு வருவது அதன் தூறல்தான். மலையில் உள்ள அந்தக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் நம் ஊர் சீசனே நடக்கிறது. அழகு பார்க்க வேண்டுமானால் அந்த மாதங்கள்தான், ஆனால் குடையைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க நடக்க வேண்டும், ஆற்றோரப் புல்லில் அட்டை இருக்கும். கொஞ்சம் உப்பைப் பொட்டலம் கட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும் வரை போக வேண்டாம். சாமிமார் வண்டிகளில் சாலை நிறைந்துவிடும், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. மார்ச், ஏப்ரலில் புனலூர் வெயில் கேரளத்திலேயே பேர்போனது. “கேரளாதானே, குளுகுளுவென்று இருக்கும்” என்று கிளம்பிப் போய் மண்டை காய்ந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். என் கணக்கில் செப்டம்பரும், மகரவிளக்கு முடிந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள நாட்களும் நல்ல காலம். கிழமையில் செவ்வாய், புதன் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பதிமூணு கண் பாலத்துக்குக் கீழே கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கு வழிவிட்டு நிற்க வேண்டி வரும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு காரியம் செய்யுங்கள். தொங்குபாலம் திறந்திருக்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் அது, பராமரிப்பு வேலைக்காக மூடுவதும் உண்டு. அடுத்தது ரயில் நேரம். கொல்லத்திலிருந்து சென்னைக்குப் போகும் எக்ஸ்பிரஸும் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸும் இந்த மலைப்பாதையில்தான் போகின்றன. அன்றைக்கு அவை கழுதுருட்டியை எப்போது கடக்கும் என்று செல்போனிலேயே பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சிக்னல் போனாலும் சீட்டு இருக்கும்.

பஸ்

தென்காசியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் புனலூர், கொல்லம் போகும் பஸ்கள் இரண்டு அரசுகளுடையதும் உண்டு. காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தென்காசியில் ஏறினால் முதலில் பிரானூர் வரும். எல்லை அங்கே இல்லை, ஆனாலும் அதற்குப் பெயர் பார்டர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது, அதனால் அந்தக் காலத்து எல்லை பிரானூரில். மாநிலங்களைப் பிரித்தபோது கோடு மலைக்கு மேலே கோட்டைவாசலுக்குப் போய்விட்டது, பெயர் புரோட்டாக் கடைகளோடு கீழேயே தங்கிவிட்டது. செங்கோட்டையில் இன்றும் நிற்கும் பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையைப் பார்க்கலாம்.

புளியரை தாண்டி எஸ் வளைவில் பஸ் ஏறும்போது திரும்பிக் கீழே பாருங்கள், வயல்கள் தெரியும். அதற்குப் பிறகு காடு. மண்ணும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள் முன்னால் போனால் பஸ் ஊர்ந்துதான் போகும், அதைப் பார்த்து நேரம் போகிறதே என்று பதற வேண்டாம். கழுதுருட்டி வரும்போது சாலையோரத்தில் கல் வளைவுகள் வரிசையாக ஓடிவந்து மறையும். இறங்க வேண்டும் போலிருக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், சாயங்காலம் அங்கேதான் வரப்போகிறோம்.

எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணிக்குப் புனலூர். இறங்கியதும் நேராகப் பாலத்துக்குப் போகாதீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கட்டன் சாயா, ஆளுக்கொரு பழம்பொரி. வீட்டு நலம், பிள்ளைகள் படிப்பு, யார் செத்தார்கள், யார் வீடு கட்டினார்கள் என்ற கணக்கெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும். பாலத்தின் மேல் அதையெல்லாம் பேசிக்கொண்டு நடந்தால் பாலத்தைப் பார்க்க முடியாது.

தொங்குபாலத்தில் ஒரு மணி நேரம்

பெயரைப் பிரித்தாலே ஊர் தெரிந்துவிடும்: புனல் ஊர். ஆற்றின் பெயர் கல்லடையாறு. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1871-இல் வேலை தொடங்கி 1877-இல் பாலம் முடிந்தது. கட்டியவர் ஆல்பர்ட் ஹென்றி என்ற வெள்ளைக்கார என்ஜினியர். நீளம் ஏறக்குறைய 400 அடி. மாட்டுவண்டியும், பிறகு மோட்டார் வண்டியும் இதன் மேல்தான் போயின. இப்போது வண்டிகளுக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் இருக்கிறது, இது நடப்பவர்களுக்கு மட்டும்.

பாலம் நிற்கிற சூட்சுமத்தை முதலில் புரிந்துகொண்டு நடந்தால் ருசி கூடும். இரண்டு கரையிலும் கல்லால் கட்டிய வாசல் மாதிரிக் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சி வழியாக இரண்டு பெரிய இரும்புச் சங்கிலிகள் தொய்ந்து இறங்கி மறுபடி ஏறுகின்றன. அந்தச் சங்கிலியிலிருந்து கம்பிகள் நேராகக் கீழே இறங்கித் தளத்தைப் பிடித்திருக்கின்றன. உங்கள் எடை பலகைக்கு, பலகையிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து சங்கிலிக்கு, சங்கிலி வழியாகக் கோபுரத்தைத் தாண்டிக் கரைக்குப் போகிறது. கரையில் சங்கிலியின் முனைகளை ஆழமான கிணறுகளுக்குள் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். கோபுரத்தைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், ஆனால் அசல் பிடி மண்ணுக்குள் அந்தக் கிணறுகளில் இருக்கிறது. பாலத்துக்குள் நுழையும் முன் கோபுரத்துக்குப் பின்னால் போய், சங்கிலி சரிந்து தரைக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தளம் கம்பகம் என்ற மரத்தின் பலகை. பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளியில் கீழே ஆறு தெரியும். மழைக்காலத்தில் அது கலங்கிய தேநீர் நிறத்தில் ஓடும். தலையை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தால் ஆறு நின்று பாலம் ஓடுவது போல இருக்கும், பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியை விட்டுவிடாமல் அப்படியே நில்லுங்கள். பத்து அடி தள்ளி யாராவது நடந்தால் முதலில் உள்ளங்கைக்குத்தான் தெரியும், ஒரு மெல்லிய நடுக்கம். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஓடிவந்தால் நடுக்கம் அலையாக மாறி உங்களைத் தாண்டிப் போகும். என் கூட்டாளி இதை மாட்டின் கழுத்தில் கை வைத்தது போல இருக்கும் என்பான். அவன் வீட்டில் மாடு இருந்தது, சொல்லலாம்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. அக்கரைக் காட்டிலிருந்து விலங்குகள் ஊருக்குள் வராமலிருக்க ஆடும் பாலமாகக் கட்டினார்கள், காலடி ஆடினால் விலங்கு திரும்பிவிடும் என்பார்கள். பாலம் முடிந்ததும் ஜனங்கள் நம்பவில்லையாம். யானைகளை மேலே நடக்கவிட்டு, என்ஜினியர் தன் குடும்பத்தோடு ஒரு படகில் பாலத்துக்கு அடியில் போய் நின்றாராம். கதையோ நிஜமோ, பாலத்தின் நடுவில் நின்று கேட்க வேண்டிய விஷயம் இது.

இரண்டு தடவை கடக்க வேண்டும் என்பது என் முறை. போகும்போது ஆற்றின் மேல்பக்கம், வரும்போது கீழ்ப்பக்கம். மேல்பக்கம் பார்க்கையில் ஒன்றை மனதில் வையுங்கள்: குளத்துப்புழை ஆறு, செந்துருணி ஆறு, கழுதுருட்டி ஆறு மூன்றும் மேலே பரப்பாறு பக்கம் சேர்ந்துதான் இந்தக் கல்லடையாறு ஆகிறது. இங்கே காலுக்குக் கீழே போவது கடைசியில் அஷ்டமுடிக் காயலுக்குப் போய்ச் சேரும். சாயங்காலம் நீங்கள் பார்க்கப்போவது இதே தண்ணீரின் சின்ன வயது.

வெயில் காலமானால் பத்தரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். இரும்பு சுட ஆரம்பிக்கும்.

சாப்பாடு

புனலூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மலையில் போய்த் தேட வேண்டாம். ஊணு என்று எழுதியிருக்கும் ஏதாவது ஒரு சின்னக் கடை போதும். குத்தரிசிச் சோறு, புளிசேரி, தோரன், பொரித்த மீன். கேட்காமலே ஒரு இளஞ்சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள், பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்க வைத்தது. நம் ஆட்கள் சிலர் கலர் தண்ணீர் என்று தள்ளி வைத்துவிட்டு பாட்டில் வாங்குவார்கள். அதைக் குடியுங்கள், கொதிக்க வைத்ததுதானே. சீக்கிரம் பசித்துவிட்டது, சோற்றுக்கு நேரமில்லை என்றால் கப்பைக்கிழங்கும் மீன்கறியும்.

காசு யார் கொடுப்பது என்ற சண்டை வரும். உள்ளூர்க்காரன் விடமாட்டான். பஸ் டிக்கெட் முழுக்க என் கணக்கு என்று காலையிலேயே பேசிவிட்டால் சண்டை குறையும்.

தென்மலை: வேண்டுமானால் மட்டும்

புனலூரிலிருந்து ஆரியங்காவு பக்கம் போகும் பஸ்ஸில் தென்மலை முக்கால் மணி நேரம். தெற்கே உள்ள மலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஊர்க்காரர்களுக்கு அது தேன்மலை. சுற்றுச்சூழல் சுற்றுலா மையத்துக்குள் இரும்புக் கம்பிவடத்தில் கட்டிய ஒரு சின்னத் தொங்குபாலம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இறங்குங்கள். பெரியவர்கள் இரண்டு பேர் என்றால், காலையில் சங்கிலிப் பாலத்தில் நடந்த காலுக்கு இது விளையாட்டாகத்தான் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்காமல் நேராகப் போய்விடலாம். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

பதிமூணு கண்ணின் கீழே

கண்டக்டரிடம் “பதிமூணு கண்ணற” என்று சொன்னால் போதும். அவர் கயிற்றை ஒரு இழு இழுத்து மணி அடிப்பார், பாலத்துக்கு எதிரிலேயே இறங்கிவிடலாம். கண்ணறை என்பது நமக்கு அந்நியச் சொல் இல்லை. மேட்டூரில் பதினாறு கண் மதகு என்கிறோமே, அதே கண்தான்.

கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904 ஜூலையிலும், புனலூரிலிருந்து செங்கோட்டை வரை அதே வருஷம் நவம்பரிலும் ரயில் ஓடத் தொடங்கியது. முதல் என்ஜினைப் பகுதி பகுதியாகக் கடல் வழியே கொல்லத்துக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள் என்று சொல்வார்கள். மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலத்தில் நான் அப்பாவோடு இதன் மேல் போயிருக்கிறேன். ஜன்னலில் தலை நீட்டிப் பாலத்தைத் தேடினால் ஆறுதான் தெரிந்தது, பாலம் தெரியவில்லை. ரயிலில் போகிறவனுக்கு இந்தப் பாலம் கிடையாது, கீழே நிற்பவனுக்குத்தான். 2010-இல் பாதையை மூடி, அகலப்பாதையாக்கி, 2018-இல் திறந்தார்கள். அதே பாலத்தின் மேல்தான் இப்போது பெரிய வண்டி போகிறது.

நீளம் நூறு மீட்டரை ஒட்டி வரும். கீழே ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு கண்ணாக நுழைந்து வெளியே வந்து நடங்கள், ஒரு கண் இந்தப் பக்கம், அடுத்த கண் அந்தப் பக்கம் என்று தையல் போடுவது மாதிரி. ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் கழுதுருட்டி ஆறு. கருங்கல்லில் பாசி பிடித்திருக்கும். கண்ணுக்குள் நின்று பேசினால் குரல் தடித்துக் கேட்கும், வெளியே வந்தால் லாரிச் சத்தம்.

இங்கே நின்று காலையில் பார்த்ததை யோசியுங்கள். தொங்குபாலத்தில் எல்லாமே இழுத்துக்கொண்டு நிற்கிறது. சங்கிலியை அறுத்தால் பாலம் போச்சு. இங்கே எல்லாமே அழுத்திக்கொண்டு நிற்கிறது. வளைவில் ஒரு கல் பக்கத்துக் கல்லை நெருக்க, அது அடுத்ததை நெருக்க, பாரம் தூணுக்கு இறங்குகிறது. ஒரு கண்ணின் தள்ளலை அடுத்த கண் எதிர்த்துத் தள்ளிச் சமன் செய்கிறது, அதனால்தான் பதிமூன்றும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரே ஆற்றின் வழியில் 27 வருஷ இடைவெளியில் ஏன் இரண்டு விதம்? மாட்டுவண்டிக்குப் பாலம் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, நடு ஆற்றில் தூண் வேண்டாம் என்பது பெரிய லாபம். ரயிலுக்கு ஆட்டம் ஆகாது. அத்தனை டன் ஒரு முனையில் ஏறி மறுமுனைக்கு ஓடும்போது தொங்கும் தளம் அலை போல வளைந்துவிடும். அதற்குக் கல்லின் பிடிவாதம் வேண்டும்.

மேலே தண்டவாளத்துக்கு ஏறாதீர்கள். செல்பிக்காக ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அத்துமீறல் அது, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ போடலாம். சட்டத்தை விடுங்கள், வளைவான மலைப்பாதையில் வண்டி வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும், பாலத்தில் ஒதுங்கி நிற்க இடமில்லை. ஆற்றிலும் வெயில் நாளில் காலை நனைத்துக்கொள்வதோடு சரி. மேலே காட்டில் மழை பெய்தால் கீழே தண்ணீர் சொல்லிவிட்டு வராது.

துண்டுச் சீட்டில் எழுதிய நேரத்துக்குக் கால் மணி முன்பே சாலையின் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள், முழுப் பாலமும் கண்ணுக்குள் வர அந்த விலகல் வேண்டும். முதலில் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பிறகு மரங்களுக்கு நடுவே பெட்டிகள். ஓடாது, நடக்கும். பதிமூன்று கண்ணையும் அது கடந்து முடிக்கும் வரை நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. வண்டி தாமதமானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தானே நண்பரைக் கூட்டி வந்தது.

திரும்புதல்

ஆறு மணிக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். காட்டுப் பாதை, சீக்கிரம் இருட்டும், இருட்டில் கை காட்டினால் டிரைவருக்குத் தெரியாது. இங்கே நண்பருக்கு மேற்கே போகும் பஸ், உங்களுக்குக் கிழக்கே போகும் பஸ். ஆளுக்கொரு பக்கம் சாலையில் நிற்க வேண்டியிருக்கும், யார் பஸ் முதலில் வரும் என்று சொல்ல முடியாது. போன தடவை அவனுடையது வந்தது. “வாரேன் மாப்ள, அடுத்த தடவை வீட்டுல ரெண்டு நாள் தங்குற மாதிரி வால,” என்று படிக்கட்டில் நின்றே கத்தினான். மணிக்கயிறு இழுபட்டது. என் பஸ் இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது, நல்லவேளை உட்கார இடம் இருந்தது. பார்டரில் இறங்கி வீட்டுக்கு புரோட்டா பார்சல் கட்டச் சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.